அண்ணி ஒரு தடவைதான் கேட்பார்

எங்கள் அண்ணி எதையும் ஒரு தடவைதான் கேட்பார். கேட்டது கிடைத்தால் சரி. 'அப்புறம் பார்க்கலாம்' என்று யாராவது சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அவர் வாயிலிருந்து மறுபடி வராது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார், பாத்திரத்தை ஓசைப்பட வைக்க மாட்டார். அதனால் அவருக்கு ஒரு குறையும் இல்லை என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

கெடா மாநிலத்துத் திகாம் பத்துவில் எங்களுக்கு மளிகைக் கடை. முன்புறம் கடை, பின்புறம் வீடு. சமையலறை ஜன்னலை அடைத்து அரிசி மூட்டைகளை அடுக்கியிருப்போம். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் அண்ணி என் அம்மாவிடம், "அத்த, இந்த மூட்டைங்கள அந்தப் பக்கம் நகட்டி வெச்சா ஜன்னலத் திறக்கலாம்ல?" என்று கேட்டார்.

"பாக்கலாம்மா. இப்ப எடம் ஏது?" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அண்ணி அந்தப் புழுக்கத்திலேயே சமைத்தார். கழுத்தைச் சுற்றி எப்போதும் ஓர் ஈரத்துண்டு போட்டிருப்பார். அதை நான் அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன். ஜன்னலைப் பற்றி யோசித்ததே இல்லை.

அவர் சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். "தோட்டத்துப் பொண்ணு, வாயத் தொறக்காது" என்று அம்மா உறவுக்காரர்களிடம் சொல்வாள். அதில் பெருமை எவ்வளவு, இளக்காரம் எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. எனக்கு அண்ணியைப் பிடிக்கும். வேலை முடிந்து வந்தால் தட்டில் சோறு இருக்கும், இஸ்திரி போட்ட சட்டை இருக்கும். பிடிப்பதற்கு அதுவே போதுமாக இருந்தது.

நான் அப்போது சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அலையில் பலகைமேல் நிற்கிற ஆசையைக் கூட வேலை பார்த்த பெண்கள்தான் கிளப்பிவிட்டார்கள். செமிலிங்கைத் தாண்டி, மெர்போக்கையும் தாண்டிப் போனால் கடலோரத்தில் ஒரு பூங்கா. சவுக்கு மரங்கள், குளியலறை, வாழைப்பழம் பொரித்து விற்கும் ஒரு கடை. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அங்கே சின்னச் சின்ன அலை எழும். முழங்கால் உயரம், மிஞ்சினால் இடுப்பு உயரம். எவ்வளவு தூரம் உள்ளே நடந்தாலும் கால் தரையில் படும். அடியில் பாறை கிடையாது, வெறும் மணல். பெரிய அலை தேடுகிறவர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எங்களைப் போல் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒரு மலாய்க்காரர் மெத்தென்ற பலகைகளை வாடகைக்குக் கொடுத்துச் சொல்லியும் கொடுத்தார். எல்லோரும் அவரைப் 'பாங்' என்று கூப்பிடுவோம். மலாயில் அண்ணன் என்று பொருள்.

தனியாகப் போவதற்கு அம்மா விடமாட்டாள். அண்ணி கூட வந்தால் விடுவாள். அதற்காகத்தான் அண்ணியை அழைத்துப் போனேன். அவர்மேல் இரக்கப்பட்டு அழைத்துப் போனதாகப் பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மையில்லை.

கெடாவில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. செமிலிங்கில் ஓர் அம்மன் கோயிலுக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் சொன்னேன். காரில் ஏறியதும் அண்ணி கேட்டார்.

"அத்தைக்குத் தெரியுமா, பாப்பா?"

வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை என்பதால் எல்லோருக்கும் நான் பாப்பா. "அப்புறம் சொல்லிக்கலாம்லா அண்ணி" என்றேன்.

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். மறுபடி கேட்கவில்லை. ஆனால் திரும்பும் வழியில் கோயில் வாசலில் காரை நிறுத்தச் சொன்னார். அடுத்து வந்த ஒவ்வொரு வெள்ளியும் அப்படித்தான். ஈரத் தலையோடு உள்ளே போய்க் கும்பிட்டு, குங்குமம் வாங்கி வந்து அம்மாவிடம் கொடுப்பார். அவர் கொடுத்த குங்குமத்தில் பொய் இல்லை. பொய் முழுவதும் என்னுடையது.

நான் இரண்டாவது வாரமே பலகைமேல் எழுந்து நின்றுவிட்டேன். அண்ணிக்கு நேரம் பிடித்தது. கொஞ்சம் கனத்த உடம்பு, நீச்சலும் தெரியாது. முழுக்கைச் சட்டையும் சிலுவார் என்கிற காற்சட்டையும் போட்டுக்கொண்டு பலகைமேல் குப்புறப் படுத்து, அலை வரும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். முதல் நாள் பாங்கிடம் மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எப்போது எழும்ப வேண்டும்?

கால் பக்கம் பலகையை அலை தூக்கும், அதை உணர்ந்த உடனே எழும்ப வேண்டும் என்றார் பாங்.

பிறகு அண்ணி எதுவும் கேட்கவில்லை. விழுந்தார். நான்கு வெள்ளிக்கிழமைகள் விழுந்துகொண்டே இருந்தார். மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறி இருமுவார். காலில் கட்டிய கயிற்றைப் பிடித்துப் பலகையை இழுத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே நடப்பார். பாங்கிற்கே கவலையாகிவிட்டது. இவங்க ஏன் ஒன்றுமே கேட்க மாட்டேன் என்கிறார்கள் என்று என்னிடம் விசாரித்தார். அவங்க அப்படித்தான் என்றேன்.

ஐந்தாவது வெள்ளி, தண்ணீர் ஏறும் நேரம். இடுப்பளவு அலை ஒன்று வந்தது. "பெர்டிரி, காக்! பெர்டிரி!" என்று பாங் கத்தினார். எழுந்து நில்லுங்க அக்கா, நில்லுங்க. அண்ணி எழுந்துவிட்டார். முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் விரித்து, வாயைத் திறந்தபடி கரையை நோக்கி வந்தார். அங்கே அலையில் வருகிறவருக்கு எதிரே ஜெராய் மலைதான் நிற்கும். அன்று மேகம் இல்லை. மலை முழுசாகத் தெரிந்தது. அண்ணி ஒரு சத்தம் போட்டார். ஒன்பது வருடத்தில் அவருடைய உரத்த குரலை அன்றுதான் கேட்டேன். பலகை மணலில் தட்டிக் குப்புற விழுந்தவர் அப்படியே தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"பாப்பா, மலையப் பாத்தியா? நேரா என்கிட்ட வருது! மலையப் பாத்தியா?"

அவர் ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்டது, எனக்குத் தெரிந்து, அன்று மட்டும்தான்.

அலை ஓய்ந்திருக்கும்போது பலகையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நிற்போம். வீட்டில் பேசாத அண்ணி அங்கே பேசுவார். ஒரு நாள் நான் கேட்டேன்.

"அண்ணி, நீங்க ஏன் எதையும் மறுக்கா கேக்க மாட்டீங்க?"

"எங்க வீட்டுக் கூரை ஒழுகும்" என்றார். "தோட்டத்து ஆபீசுல கணக்கெழுதுற கிராணிகிட்ட எங்கம்மா மூணு வருசம் கேட்டாங்க. நான் பாவாடையப் புடிச்சிக்கிட்டுப் பக்கத்துல நிப்பேன். ஒவ்வொரு தடவையும் அவரு எங்கம்மாவப் பாத்து ஒரு சிரிப்பு சிரிப்பாரு. கூரை போட்டுக் குடுத்தாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா அந்தச் சிரிப்பு எனக்கு வேணாம், பாப்பா."

வேறொரு நாள், நான் கேட்காமலே சொன்னார். பிள்ளை இல்லை என்று மருத்துவமனைக்குப் போனபோது, கணவரும் வந்து சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அண்ணனிடம் கேட்டிருக்கிறார். கடையை யார் பார்ப்பது, அப்புறம் போகலாம் என்றாராம் அண்ணன்.

"எப்ப அண்ணி கேட்டீங்க?"

"அது ஆறு வருசம் ஆச்சு."

அந்த ஆறு வருடமும் அம்மா கோயில் கோயிலாக அண்ணியை மட்டும் அழைத்துக்கொண்டு போனாள். விரதம் இருக்க வைத்தாள். கல்யாண வீடுகளில் பெண்கள் அவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். நான் பலகையைத் தட்டிக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம் பேச வேண்டும் என்று நினைத்தேன். பேசவில்லை.

அலைக் காலம் முடிவதற்குள் அண்ணி நன்றாகவே நிற்கப் பழகிவிட்டார். பெண்கள் நிறையப் பேர் வரத் தொடங்கியிருந்தார்கள். ஆண்பிள்ளை கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுப்பதற்குப் பலர் கூசினார்கள். வெள்ளிக்கிழமைகளில் அக்கா உதவிக்கு வர முடியுமா என்று பாங் கேட்டார். "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றார் அண்ணி. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த வெட்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அன்று நான் அண்ணியைக் கைத்தொலைபேசியில் வீடியோப் படம் பிடித்தேன். ஈர உடை உடம்போடு ஒட்டியிருக்க, கைகளை விரித்துச் சிரித்துக்கொண்டு அவர் அலையில் வருகிற படம். 'எங்க அண்ணியப் பாருங்கலா!' என்று எழுதி இரண்டு தோழிகளுக்கு அனுப்பினேன். பெருமையில்தான் அனுப்பினேன். அது யார் யாரிடமோ சுற்றி, என் வரி உதிர்ந்து, வெறும் படமாக மறுநாள் எங்கள் சொந்தக்காரர்கள் கைகளுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

அது சனிக்கிழமை. மறுநாள் பினாங்கிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அண்ணி சமையலறையில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் பெரியம்மா வந்து கைத்தொலைபேசியை அம்மாவின் மடியில் வைத்தார். அண்ணனைக் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா கோயிலுக்குன்னு சொல்லிட்டு இதான் பண்ணிட்டு வந்தியா?" என்றாள் அம்மா.

"எத்தன ஆம்பளைங்க இருக்காங்க பாரு பின்னால" என்றார் பெரியம்மா. "நாளைக்கு வர்றவங்க கண்ணுல பட்டா என்ன ஆகும்? தோட்டத்துப் புத்தி எங்க போகும்?"

அண்ணன் படத்தை மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீயும்தானே வந்த?"

குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. கடையில் வெல்லம் இருக்கிறதா என்று கேட்பதைப் போலத்தான் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படத்தில் நான் இல்லை. படம் பிடித்தவள் நான். பினாங்கு மாப்பிள்ளையின் புகைப்படம் மேசைமேல் இருந்தது. எனக்கு இருபத்தெட்டு வயது. அதற்கு முன்னால் மூன்று இடங்கள் தட்டிப்போயிருந்தன.

"நான் காடியில கொண்டு போய் விட்டேன். கோயில்லயே உக்காந்திருந்தேன். அண்ணி அங்க போனது எனக்குத் தெரியாது" என்றேன்.

அண்ணி தலையை ஆட்டினார். முதல் வாரத்தில் அம்மா 'எடம் ஏது' என்றபோதும் அப்படித்தான் ஆட்டியிருப்பார். உள்ளே போனார். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மிச்ச மாவையும் பிழிந்து முடித்தார். மறுநாள் வந்தவர்கள் முறுக்கை ரொம்பப் புகழ்ந்தார்கள்.

அண்ணன் அடிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். மூன்று மாதம். சாப்பாடு வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வார். அந்த மூன்று மாதமும் என் கல்யாண வேலைகள் நடந்தன. பத்திரிகைக்கு மஞ்சள் தடவியது அண்ணி. என் ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்தது அண்ணி. கல்யாணத்தன்று எனக்குச் சேலை கட்டிவிட்டதும் அவர்தான். கொசுவத்தை மடித்துச் செருகுவதற்காக என் முன்னால் மண்டியிட்டிருந்தார். அறையில் நாங்கள் இருவர் மட்டும். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. "வயித்த உள்ள இழு" என்றார். இழுத்தேன். அதற்குள் யாரோ கதவைத் தட்டிவிட்டார்கள்.

நான் பினாங்குக்குப் போன இரண்டாவது வாரம், அண்ணி அண்ணனிடம் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் கடற்கரையில் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகலாமா? உனக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது என்றாராம் அண்ணன். அந்த மூன்று மாதத்தில் அவர் அண்ணியிடம் பேசிய முதல் வார்த்தை அது. மறுநாள் காலையில் அண்ணி எல்லோருக்கும் பசியாற இட்லி வைத்துவிட்டு, ஒரு பையோடு சுங்கை லாலாங்கில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். நாலு நாளில் வந்துவிடுவாள் என்றாள் அம்மா. அண்ணன் போய்க் கூப்பிடவில்லை. விவாகரத்தும் ஆகவில்லை. அப்படியே நின்றுவிட்டது.

கல்யாணமாகிச் சில மாதம் கழித்து, யாரோ அனுப்பி அந்தப் படம் என் கணவரிடமும் வந்தது. அவர் இரண்டு தடவை பார்த்தார்.

"யாரு இது? நல்லா நிக்கிறாங்களே!"

"எங்க அண்ணி."

"அட! உனக்கும் இதெல்லாம் தெரியுமா?"

கேட்டவர் முகத்தில் ஆவல்தான் இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை. நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்ல. எனக்குத் தண்ணின்னாலே பயம்" என்றேன்.

முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதை எதில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு ஐந்து வருடம், கணவரும் மகளும் கடலில் இறங்கும்போதெல்லாம் நான் கரையில் பாய்மேல் உட்கார்ந்திருந்தேன். தண்ணீருக்குப் பயந்தவளாகவே அவர்களுக்குப் பழகிவிட்டேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தனியாக அந்தப் பூங்காவுக்குப் போனேன். அண்ணி அங்கே இருந்தார். மஞ்சள் முழுக்கைச் சட்டை, கறுத்து மெலிந்த முகம். ஆறேழு பெண்கள் மணலில் பலகைமேல் குப்புறப் படுத்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து, கால் வைக்க வேண்டிய இடத்தைக் கையால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, அந்தப் பெண்களை எழுந்து நின்று பழகச் சொல்லிவிட்டு வந்தார்.

"நல்லாருக்கியா, பாப்பா? புள்ள எப்படி இருக்கு?"

"நல்லாருக்கா அண்ணி. நீங்க?"

"வாரத்துல கிளினிக்குல வேல. வெள்ளி, சனி இங்க."

நான் சொல்லிவிட்டேன். அன்று நான் சொன்னது பொய், படத்தை அனுப்பியதும் நான்தான், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அண்ணி கடலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் நின்னுருமோன்னு பயந்துட்ட" என்றார்.

"என்ன மன்னிச்சிருவீங்களா, அண்ணி?"

அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். நான் மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டேன். அண்ணி என் தோளில் ஈரக் கையை வைத்தார்.

"அங்க ஆளுங்க காத்திருக்காங்க, பாப்பா. காத்து மாறுது, மழை வரும். பாத்து ஓட்டிக்கிட்டுப் போ" என்றார்.

அங்கிருந்து நேராக அம்மா வீட்டுக்குப் போனேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். உட்காராமலே சொன்னேன். அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனது நான். நானும் இறங்கினேன், நானும் நின்றேன். கோயிலில் உட்கார்ந்திருந்தேன் என்றது பொய்.

அம்மா கரண்டியைக் குழம்பிலேயே விட்டாள். "எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்துட்டுப் போன மறுநாளு துணி தொவைக்க எடுத்தேன். உன் நீலச் சிலுவார் பாக்கெட்டு முழுக்க கடல் மணலு. இது பாப்பாவோடதாச்சேன்னு உங்க அண்ணியக் கேட்டேன். 'இல்ல அத்த, அத நான்தான் போட்டிருந்தேன்'னு சொன்னா."

நான் அவரைக் கைவிட்டதற்கு இரண்டு நாள் கழித்து அவர் எனக்காகச் சொன்ன பொய் அது.

"நீங்க அத நம்பினீங்களா?"

"எப்படி நம்புறது? அவ இடுப்புக்கு அந்தச் சிலுவார் ஏறுமாடி?" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ள வீட்டுல சரின்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அப்ப போய் நான் என்னத்தச் சொல்றது?" என்றாள்.

அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"மூணு பேருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார். "எனக்கு மட்டும்தான் தெரியல."

"தெரிஞ்சிருந்தா மட்டும் நீ என்ன பண்ணியிருப்ப?" என்று அம்மா கேட்டாள்.

அண்ணன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து தட்டைக் கழுவத் தொடங்கினார். ஒரு தட்டைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.